போகாத மஞ்சள்

திரும்பாதீங்க சார். சொல்லச் சொல்லத் திரும்புறீங்களே! கடைசி சீட்டுக்கு முந்தின சீட்டு, நடுவுல, தோள்ல மஞ்சத் துண்டு. பாத்துட்டீங்கல்ல? அவன்தான். என் தங்கச்சி புருஷன். இன்னாசின்னு பேரு. மூணு வருசமா நானும் அவனும் பேசிக்கிறதில்ல.

ஆனா ஒரே ஆஸ்பத்திரிக்குத்தான் போறோம். மதுரைக்கு. எனக்குக் கண்ணு காட்டணுமாம். கூட ஒரு ஆம்பள ஆளு வேணும்னு என் மக ரோஸ்லின் அவ அத்தைகிட்டச் சொல்ல, அத்தை இவன அனுப்பி வச்சிருக்கா. வேற ஆளே கிடைக்கல பாருங்க. நான் ஒரே கண்டிசன்தான் போட்டேன். பக்கத்துல உக்காரக் கூடாது. மலை எறங்குறப்ப அவனுக்கு வயித்தப் பொரட்டும். சன்னலோரம் காத்து வாங்கிக்கிட்டு வந்தாத்தான் தாங்குவான். அது தெரிஞ்சுதான் முதல்ல ஏறி, இருந்த ஒரே சன்னல்ல நான் துண்டப் போட்டேன். அங்க நசுங்கிக்கிட்டு எலுமிச்சம்பழத்த மோந்துக்கிட்டு வர்றான். வரட்டும். கொண்ட ஊசி வளைவு இன்னும் ஆரம்பிக்கல.

சின்ன புத்தின்னு நெனைக்கிறீங்க. நெனைங்க. அவன் என்ன செஞ்சான்னு கேட்டுட்டு அப்புறம் நெனைங்க.

நான் மர பாலிஷ் மேஸ்திரி சார். அருளப்பன்னு கொடைக்கானல்ல யாரக் கேட்டாலும் வீட்டுல கொண்டாந்து விட்டுருவாங்க. எங்க தொழில்ல ஒரு விசயம் இருக்கு. உப்புத்தாள் வச்சுத் தேய்க்க எவன் வேணும்னாலும் தேய்க்கலாம். பட்டி பாக்கலாம், பிரஷ் புடிக்கலாம். கலர் சேக்கிறது மட்டும் ஒருத்தன்தான். டப்பாவத் தொறந்து அப்படியே அடிக்கிறவன் பாலிஷ்காரன் இல்ல. மரத்தப் பாக்கணும், வெளிச்சத்தப் பாக்கணும், கொஞ்சம் செவப்பு, கொஞ்சம் கறுப்புன்னு சொட்டுச் சொட்டா விட்டுக் கலக்கணும். ஒரு துண்டுப் பலகையில தடவி வீட்டுக்காரங்ககிட்டக் காட்டணும். அவங்க சரின்னாத்தான் வேலை. கலர் சேக்கிறவன்தான் மேஸ்திரி, மத்தவங்க தேய்க்கிறவங்க. நான் சேப்பேன், இன்னாசி தேய்ப்பான். பதினெட்டு வருசம் ஒரு சண்டை கிடையாது. ஒரே தூக்குவாளியில சோறு கொண்டு போவோம்.

ஹெப்சிபா டாக்டரம்மான்னு ஒருத்தங்க. திருச்சியில பெரிய டாக்டரா இருந்து ஓய்வு வாங்கிட்டு இங்க வந்து வீடு கட்டுனாங்க. வீட்டுக்குப் பின்னாடி பள்ளத்தாக்கப் பாத்த மாதிரி ஒரு மரத்தளம். டெக்குன்னு சொல்வாங்க. பூரா பைன் பலக. அம்பத்தாறு பலக, எண்ணியே வச்சிருக்கேன். அதுக்குத் தேன் கலர் வேணும்னு கேட்டுச்சு அந்தம்மா. நான் கலக்குனேன். ஒரு பாதி அன்னிக்கு அடிச்சோம். மறுநாள் கலர் பத்தல, திரும்பக் கலக்கி மறு பாதி அடிச்சோம். மூணாம் நாள் காலையில வெயில் வந்ததும் அந்தம்மா வந்து குனிஞ்சு பாத்துச்சு. இவன் பேசுனான்.

"ஒரு பக்கம் தேன் மாதிரி இருக்கு, ஒரு பக்கம் கருப்பட்டி மாதிரி இருக்கு மச்சான்"ங்கிறான்.

நான் பாத்தேன் சார். மாதா சத்தியமா ரெண்டு பக்கமும் ஒரே கலரு. ஒரே கலர்டான்னேன். அதுக்கு இவன் என்ன சொன்னான் தெரியுமா? என்கிட்டச் சொல்லல. அந்தம்மா பக்கம் திரும்பி, வீட்டுக்காரங்ககிட்ட, "மச்சானுக்குக் கண்ணு சரியாத் தெரியலம்மா. இனிமே கலர நான் பாத்துக்கறேன்"னான்.

என்னய! என் முன்னாடியே!

என்னையத் திருட்டுப் பயன்னு சொல்லியிருந்தாக் கூடத் தாங்கியிருப்பேன். குடிகாரன்னு சொல்லியிருக்கலாம், கோவில்ல போய்ப் பாவ சங்கீர்த்தனம் பண்ணிட்டு வந்துருவேன். கலர் சேக்கிறவனப் பாத்துக் கண்ணு தெரியலைன்னா என்ன அர்த்தம்? நீ செத்துப் போன்னு அர்த்தம். தூக்குவாளிய எடுத்து வச்சுட்டு அப்படியே நடந்து வந்துட்டேன். அவனே கலர் சேத்து, அவனே அடிச்சு முடிச்சான். அன்னையிலேர்ந்து அவன் மேஸ்திரி.

மூணு வருசம் கறுவிக்கிட்டே இருந்தேன். தங்கச்சி வீட்டுப் பக்கம் எட்டிப் பாக்கல. அவ புள்ளைக்குக் கோவில்ல முதல் நற்கருணை, புது நன்மை விழா, போகல. அவ வந்து வாசல்ல நின்னு கூப்பிட்டா, கதவத் தொறக்கல. எனக்கு ஒரே ஒரு நெனப்புதான். எந்த மரத்துலயும் மூணு மழை தாண்டுனா பூச்சு தானா உரியும். உரியட்டும். அன்னைக்கு இருக்கு இவனுக்குன்னு இருந்தேன்.

மழை எனக்காக வேல பாத்துச்சு சார். போன மாசியில டாக்டரம்மா ஆளனுப்புச்சு. தளம் பூரா பாசி புடிச்சு, செதில் செதிலா உரியுது, ஈஸ்டர் முடிஞ்சு மக அமெரிக்காவுலேர்ந்து வருது, பழசெல்லாம் எடுத்துட்டுப் புதுசா அடிக்கணும், இன்னாசி ஊட்டியில ஏதோ ஓட்டல் வேலையில இருக்கான், நீங்க வர்றீங்களான்னு. வர்றேன்மா, கண்டிப்பா வர்றேன்னேன். அது தவக்காலம். கறி மீன் தொடல, பீடி தொடல. இந்த வன்மம் ஒண்ணத்தான் விட முடியல.

பழைய பூச்சு எடுக்கிறத நீங்க பாத்திருக்கீங்களா? ரிமூவர்னு ஒரு மருந்து. கெட்டியா இருக்கும், மூக்கப் பொத்திக்கணும். பிரஷ்ல தடவி விட்டுட்டு ஒரு பீடி குடிக்கிற நேரம் காத்திருக்கணும். அப்புறம் மழுங்கின தகடு வச்சு மரத்தோட ரேகை போற பக்கமாவே வழிக்கணும். பால் ஆடை சுருளுற மாதிரி மேல் பூச்சு சுருண்டு வரும். அவன் அடிச்ச பூச்சு சார்! அவன் மூஞ்சித் தோல உரிக்கிற மாதிரி இருந்துச்சு எனக்கு. ஒவ்வொரு பலகைக்கும் ஒரு கேள்வி கேட்டேன். கண்ணு தெரியலையா எனக்கு? வழி. கலர் நீ பாத்துக்கறியா? வழி. வாச்மேன் பொண்டாட்டி எட்டிப் பாத்துட்டு, யாருகூடப் பேசுறீங்கன்னு கேட்டா.

மேல் பூச்சு போச்சு. ரெண்டாவது தடவ மருந்து போட்டேன், கீழ ஊறியிருந்த கலரும் போச்சு. தண்ணி அடிச்சுக் கழுவிக் காய வச்சுப் பாக்குறேன், பலக மஞ்சளா இருக்கு.

பைன் மரம் உரிச்சா வெளுப்பா வரணும் சார். இட்லி வெள்ளை இல்ல, ஆனா ஒரு வெளுப்பு. இது மஞ்சளா நிக்குது. சரி, மிச்சம் இருக்குன்னு மூணாவது தடவ போட்டேன். கம்பி பிரஷ் வச்சுத் தேச்சேன். மஞ்சள். வெளுக்கிற உப்பக் கரைச்சு ஊத்துனேன், எந்தக் கறையும் அதுக்கு நிக்காது. இது நின்னுச்சு. அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுச்சு. இந்தப் பய ஏதோ மட்டமான எண்ணெயக் கலந்து அடிச்சிருக்கான், அது மரத்தோட குடலு வரைக்கும் எறங்கிருச்சுன்னு. எவ்வளவு சந்தோசம் தெரியுமா எனக்கு? மாட்டுனான் பாரு, கையும் களவுமா மாட்டுனான்.

ஒரு சோதனை இருக்கு. பூச்சு மிச்சம் இருந்தா மரத்து மேல விட்ட தண்ணி முத்து முத்தா நிக்கும். பூச்சு போயிருந்தா மரம் குடிச்சிரும். நான் சொட்டு விட்டேன். மடக்குன்னு குடிச்சிருச்சு. எல்லாப் பலகையிலயும் விட்டேன், எல்லாம் குடிச்சுச்சு. அப்பவும் மஞ்சள் போகல! அப்ப எவ்வளவு கள்ளத்தனமான எண்ணெயா இருக்கணும், யோசிச்சுப் பாருங்க.

மிஷினக் கொண்டாந்தேன். தேய்க்கிற மிஷின். ஒரு மாசம் சார். தேய்ச்சுத் தேய்ச்சு எடுக்கிறேன், கொட்டுற தூளு கூட மஞ்சளாக் கொட்டுது. டாக்டரம்மா காப்பி கொண்டு வந்து நின்னுட்டு, "போதும் அருளப்பன், நல்லாத்தான் வந்துருச்சே"ங்குது. உங்களுக்குத் தெரியாதும்மா, நீங்க மனுசங்களப் பாத்தவங்க, நான் மரத்தப் பாத்தவன்னேன். சிரிச்சுக்கிட்டே போயிருச்சு. நல்லவங்க. ஆனா ஒண்ணு சொல்லணும், அந்தம்மா முன்னாடி வெள்ளச் சேலை தவிர வேற கட்டி நான் பாத்ததில்ல. இப்பப் பாத்தா தெனமும் மஞ்சள் சேலை. வயசானா சில பேருக்கு ஆசை வரும் போல. அது மட்டுமா, எங்க கோவில் செவத்துக்கு வெள்ளை அடிச்சோம்னு சாமியார் சொல்றாரு, போய்ப் பாத்தா சந்தனக் கலரு. ஊருக்கே மஞ்சள் பைத்தியம் புடிச்சிருக்கு.

குருத்தோலை ஞாயித்துக் கிழமைக்கு இன்னாசி ஊட்டியிலேர்ந்து வந்தான். அன்னைக்குன்னுதான் காத்திருந்தேன். பூசை முடிஞ்சதும் டாக்டரம்மா வீட்டுக்கு வரச் சொல்லி அவனுக்கு ஆளனுப்புனேன். தங்கச்சியையும் கூட்டிட்டு வரச் சொன்னேன். ஹார்டுவேர் கடை ரஹ்மத் பாயக் கையோட கூட்டிட்டுப் போனேன். ஏன்னா இந்த மலையில யாரு வீடு கட்டுனாலும் பாலிஷுக்கு ஆளு வேணும்னா பாய்கிட்டத்தான் கேப்பாங்க. அவரு காதுல விழுந்தா மலை பூரா விழுந்த மாதிரி. நாலு பேரு முன்னாடி என்னச் சொன்னல்ல, நாலு பேரு முன்னாடி நான் சொல்றேன்டா.

எல்லாரும் தளத்துல நிக்கிறாங்க. இவன் சட்டப் பையில குருத்தோலைச் சிலுவையச் செருகிக்கிட்டு யோக்கியன் மாதிரி நிக்கிறான். நான் கேட்டேன். "இந்தா நிக்குதே மஞ்சள், இது எங்கேர்ந்து வந்துச்சு? என்ன எண்ணெயடா கலந்த? மூணு தடவ மருந்து போட்டும் போகல, ஒரு மாசம் மிஷின் போட்டும் போகல. மரத்தையே கெடுத்துட்டியேடா! கண்ணு தெரிஞ்ச மேஸ்திரி பண்ற வேலையா இது?"

பாய் பலகையப் பாத்தாரு, என்னப் பாத்தாரு, "அருளு, என்னய்யா சொல்ற, இது..."ன்னு வாயத் தொறந்தாரு. இவன் சட்டுன்னு அவரு கையப் புடிச்சு அமுக்குனான். பயம் சார், பயம்! இவன் குனிஞ்சு பலகையத் தடவிப் பாத்தான். ரொம்ப நேரம் தடவிப் பாத்தான். அப்புறம் நிமிந்து என் மூஞ்சியப் பாத்தான். கண்ணுல தண்ணி நிக்குது அவனுக்கு.

"ஆமா மச்சான். என் தப்புத்தான். எண்ணெய் சரியில்ல. நீங்க இல்லாம நான் அந்த வேலையத் தொட்டிருக்கக் கூடாது"ன்னான்.

ஒத்துக்கிட்டான்! அவனே, அவன் வாயால! நான் அவ்வளவு சீக்கிரம் எதிர்பாக்கல. சண்டைக்கு வருவான், பதிலுக்குப் பதில் பேசுவான், நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி கேக்கலாம்னு ஒரு மாசமா வார்த்தை சேத்து வச்சிருந்தேன். எல்லாம் வீணாப் போச்சு. தங்கச்சி முந்தானையால வாயப் பொத்திக்கிட்டுக் கீழ எறங்கிப் போயிட்டா.

விடல நான். கோவில் வாசல்ல சொன்னேன், டீக்கடையில சொன்னேன், பஸ் ஸ்டாண்டுல சொன்னேன். இன்னாசி மட்டமான எண்ணெய அடிக்கிறான், அவனே ஒத்துக்கிட்டான்னு. ஏரிப் பக்கம் ஒருத்தரு எட்டு காட்டேஜ் கட்டுறாரு, எல்லாத்துக்கும் மரத்தளம், ரெண்டு வருச வேலை. அது இவனுக்குன்னு பேசியிருந்துச்சு. நானே நடந்து போய் அவருகிட்டயும் சொன்னேன். கை நழுவிப் போச்சு. இப்ப இவன் காய்கறி மண்டியில கேரட் மூட்டை தூக்குறான். கலர் சேக்கிற கையி. தங்கச்சி வந்து என் வாசல்ல நின்னா, உள்ள வரல. "உனக்குத் திருப்தியாண்ணே?"ன்னு கேட்டா. ஆமான்னேன். உண்மையத்தான சொல்லணும். திருப்தியாத்தான் இருந்துச்சு. நிம்மதியாத் தூங்குனேன்.

ஆஸ்பத்திரியா? அது டாக்டரம்மா வேலை. அன்னைக்குத் தளத்துலேர்ந்து எல்லாரும் போன பொறகு என்ன உக்கார வச்சுச்சு. "அருளப்பன், என் சேலை என்ன கலர்?"னு கேட்டுச்சு. மஞ்சள்மா, உங்களுக்கு நல்லாருக்குன்னேன். பேனா மாதிரி ஒரு டார்ச்ச எடுத்து ரெண்டு கண்ணுலயும் அடிச்சுப் பாத்துச்சு. மதுரைக்கு ஒரு கடுதாசி எழுதிக் குடுத்துச்சு. ரிமூவர் நெடி கண்ணுல ஏறியிருக்கும்னு நெனச்சிருக்கு, பாவம். நானும் இன்னைக்கு நாளைக்குன்னு தள்ளிக்கிட்டே இருந்தேன், ரோஸ்லின்தான் விடல. அப்புறம் இன்னொண்ணு சொல்லுச்சு அந்தம்மா, பலக எல்லாம் ரொம்ப மெலிஞ்சு போச்சு, கால் வச்சா அமுங்குது, மொத்தமா மாத்தணும்னு. அதுவும் இவன் எண்ணெய் தின்னதுதான்.

கண்ணு நல்லாத்தான் இருக்கு எனக்கு. எதிர்ல வர்ற வண்டி லைட்டுதான் கொஞ்சம் கூசுது, அது யாருக்கும் கூசும். உங்க சட்டையச் சொல்லட்டா? சந்தனக் கலரு. நல்ல துணி. ஏறுனப்பவே பாத்தேன், இந்த மாதிரி சந்தனக் கலர் சேக்கிறது லேசுப்பட்ட காரியம் இல்லன்னு நெனச்சேன்.

என்னது?

வெள்ளையா? இல்ல சார், வெளையாடாதீங்க. வெயில்ல காட்டுங்க சட்டைக் கைய. ... ஸ்கூல் யூனிபார்மா? வாத்தியாருங்க எல்லாருக்கும் வெள்ளச் சட்டைதானா?

சார், கொஞ்சம் திரும்புங்க. இப்பத் திரும்பலாம். அவன் தோள்ல கெடக்கே துண்டு, அது என்ன கலரு?

நல்லாப் பாத்துச் சொல்லுங்க.

ம்.

தங்கச்சிதான் துவைப்பா. நீலம் போட்டுத் துவைப்பா. அவ வீட்டுத் துணி எப்பவும் பளிச்சுன்னுதான் இருக்கும்.

தண்ணி குடிச்சுச்சே சார் அந்தப் பலக. சொட்டு விட்ட ஒடனே குடிச்சுச்சே. எனக்குத் தெரியாததா? குடிச்சாப் பூச்சு போயிருச்சுன்னு அர்த்தம், முப்பது வருசமா நானே சொல்லிக்கிட்டு இருக்கேன். அப்ப ரெண்டாவது தடவையிலயே போயிருச்சு. அதுக்கப்புறம் ஒரு மாசம் நான் எதத் தேய்ச்சேன்? நல்ல மரத்தத் தேய்ச்சேன். அந்தம்மா பலகையத் தேய்ச்சே தின்னுட்டேன். அந்தக் கருப்பட்டி... அன்னைக்கும் அவன் சொன்னது...

அது கெடக்கட்டும் சார். பலக போனா வேற பலக. பாய்க்குக் கண்ணு தெரியும்ல? டாக்டரம்மாவுக்குத் தெரியும், தங்கச்சிக்குத் தெரியும். அத்தனை பேரும் வெள்ள வெளேர்னு இருக்கிற பலக மேல நின்னுக்கிட்டு, நான் மஞ்சள் மஞ்சள்னு கத்துறதப் பாத்துக்கிட்டு இருந்திருக்காங்க. அவனுக்கும் தெரியும். தடவிப் பாத்தானே. பாய் கையப் புடிச்சு அமுக்குனானே. மச்சான், உங்களுக்குக் கண்ணு போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பாய் எனக்கு அன்னையோட வேலை குடுத்திருக்க மாட்டாரு. நான் போய்ப் பேசுன பேச்சுக்கெல்லாம் ஒரே வார்த்தையில என் மூக்க அறுத்திருக்கலாம். பொழப்பு போற வரைக்கும், மூட்டை தூக்குற வரைக்கும் சொல்லலையே.

ஏன் சார் அவன் ஆமான்னான்?

யாரு அவனக் கேட்டா? என்னப் பாத்துப் பாவப்பட இவன் யாரு? எனக்கு வர்ற ஆத்திரத்துக்கு...

எந்திரிங்க சார். தப்பா நெனைக்காதீங்க, கொஞ்சம் பின்னாடி போய் அவன் எடத்துல உக்காருங்க. அவன இங்க வரச் சொல்லுங்க. மச்சான் கூப்புடுறான்னு சொல்லுங்க, வருவான். ஒடனே வருவான், கூறு கெட்ட பய. அதுக்குள்ள நான் இப்படி நகந்துக்கறேன். கொண்ட ஊசி வளைவு வரப் போகுது, சன்னலோரத்துல அவன் உக்காரட்டும்.